கம்பெனி கண்ணாடியா, வெளிமார்க்கெட் கண்ணாடியா? கார் முன்கண்ணாடியின் நூறாண்டு வழக்கு

1930-ம் ஆண்டு அக்டோபர் 12. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்னோகுவால்மி கணவாய் வழியாக பாக்ஸ்டர் என்பவர் தன் ஃபோர்டு மாடல் ஏ காரை ஓட்டிக்கொண்டு போகிறார். கார் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கடந்து போன இன்னொரு காரிலிருந்து ஒரு கூழாங்கல் தெறித்து வந்து முன்கண்ணாடியில் பட்டது. கண்ணாடித் துணுக்குகள் அவருடைய இடது கண்ணில் பாய்ந்தன. அந்தக் கண் போயே போய்விட்டது. வலது கண்ணின் பார்வையும் பாதிக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது யாரோ ஒரு கடையில் மலிவாக மாற்றிப் போட்ட கண்ணாடி அல்ல. காரோடு கூடவே வந்த கண்ணாடி. அசல் ஒரிஜினல்!

இன்றைக்கு முன்கண்ணாடி உடைந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "கம்பெனி கண்ணாடி போடவா, வெளிமார்க்கெட் போடவா?" என்பதுதான். விலை வித்தியாசத்தைக் கேட்டதும் பலருக்கும் தலை சுற்றும். ஒரிஜினல் என்றால் பாதுகாப்பு, மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று ஒரு கட்சி. இரண்டும் ஒரே சரக்குதான், பெயருக்குத்தான் காசு என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டை எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், "ஒரிஜினல்" என்ற சொல்லே காலத்துக்குக் காலம் வேறு வேறு பொருளில் புழங்கி வந்திருப்பது தெரிகிறது.

கார் வந்த புதிதில் முன்கண்ணாடியே கிடையாது. ஓட்டுபவர் மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூசியைச் சமாளித்தார். 1900-களின் தொடக்கத்தில் முன்கண்ணாடி வந்தபோதும் அது வீட்டு ஜன்னலில் இருக்கும் அதே தட்டையான சாதாரணக் கண்ணாடிதான். உடைந்தால் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர் அளவெடுத்து வெட்டிக் கொடுத்துவிடுவார். அன்றைக்குக் கம்பெனி கண்ணாடி, வெளிமார்க்கெட் கண்ணாடி என்ற பேதமே இல்லை. எல்லாம் ஒரே கண்ணாடி, உடைந்தால் எல்லாமே கத்தி.

அந்தக் கத்தியை மழுங்கச் செய்தவர் பிரான்ஸ் நாட்டு எடுவார் பெனடிக்டஸ். இவர் வேதியியலாளர், ஓவியரும்கூட. 1903-ல் இவருடைய ஆய்வுக்கூடத்தில் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. முன்பு அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் ஆவியாகி, உள்பக்கம் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படலம்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்துக் காயம்பட்டவர்களைப் பற்றிய செய்தியைப் படித்தபோது இந்தக் குடுவை அவர் நினைவுக்கு வந்ததாம். (கண்டுபிடிப்புக் கதைகளில் எப்போதும் ஏதாவது ஒன்று கீழே விழுந்துவிடுகிறது!) இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டு தாளை வைத்து ஒட்டும் முறைக்கு 1909-ல் காப்புரிமை பெற்றார். மூன்று அடுக்கு என்பதால் "டிரிப்ளெக்ஸ்" என்று பெயர். இங்கிலாந்தில் 1912-ல் டிரிப்ளெக்ஸ் கம்பெனி தொடங்கியது. விலை அதிகம் என்று கார் கம்பெனிகள் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்குத்தான் இது அதிகம் பயன்பட்டது.

1927 டிசம்பரில் ஃபோர்டு தன் புதிய மாடல் ஏ காரை அறிமுகப்படுத்தியபோது இந்த லேமினேட்டட் கண்ணாடியை முன்கண்ணாடியாகக் கொடுத்தது. லட்சக்கணக்கில் விற்ற சாதாரண மக்களின் காருக்கு இது பெரிய விஷயம். விளம்பரத்திலும் இதைச் சும்மா விடவில்லை. எவ்வளவு பலமாக அடிபட்டாலும் தெறிக்காது, சிதறாது என்ற பொருளில் கம்பெனியின் விற்பனைப் புத்தகங்கள் பேசின. அந்த வார்த்தையை நம்பி 1930 மே மாதத்தில் கார் வாங்கியவர்களில் ஒருவர்தான் முதலில் சொன்ன பாக்ஸ்டர்.

அவர் வழக்குப் போட்டார். ஃபோர்டின் பதில் அந்தக் காலச் சட்டப்படி வலுவானது. "நீங்கள் கார் வாங்கியது டீலரிடம். எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே?" டீலரைக் கேட்டால், விற்பனை ஒப்பந்தத்தில் உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று எழுதியிருக்கிறது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று. கீழ்நீதிமன்றம் வழக்கை ஜூரியிடம் விடவே இல்லை.

1932-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. டீலரை விட்டுவிட்டது, ஆனால் ஃபோர்டை விடவில்லை. நீதிமன்றம் சொன்ன காரணம் இன்றைக்கும் யோசிக்க வைப்பது. ஒரு கண்ணாடி சிதறுமா சிதறாதா என்பதைச் சாதாரண மனிதர் பார்த்தோ தொட்டோ கண்டுபிடிக்க முடியாது. தயாரித்தவர் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அப்படியானால் சொன்ன சொல்லுக்குத் தயாரித்தவர்தான் பொறுப்பு, நடுவில் டீலர் இருந்தாலும் சரி. மறுவிசாரணையில் பாக்ஸ்டர் ஜெயித்தார். ஃபோர்டு மீண்டும் மேல்முறையீடு போனது. இதைவிட நல்ல முன்கண்ணாடி அன்றைக்கு யாருமே செய்யவில்லை என்று நிபுணர்களை வைத்து நிரூபிக்கத் தயார் என்றது. அது உண்மையாகவே இருந்தாலும், சிதறாது என்று சொன்னது சொன்னதுதான் என்று 1934-ல் தீர்ப்பாயிற்று. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

ஆக, முதல் பாடமே விசித்திரம். அன்றைக்குக் கிடைத்ததிலேயே சிறந்த ஒரிஜினல் கண்ணாடி என்று வாதாட முடிந்த ஒரு கண்ணாடிதான் ஒருவருடைய கண்ணைப் பறித்தது.

இதற்கிடையில் கண்ணாடியின் உருவம் மாறத் தொடங்கியது. 1934-ல் கிரைஸ்லரின் இம்பீரியல் ஏர்ஃப்ளோ வரிசையின் உயர்ரகக் கார் ஒன்றில் ஒரே துண்டாக வளைந்த முன்கண்ணாடி வந்தது. 1950-களில் அமெரிக்கக் கார்களின் கண்ணாடி பக்கவாட்டிலும் சுற்றி வளைந்தது. பார்க்க அழகுதான், ஆனால் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரரின் காலம் இதோடு முடிந்தது! வளைந்த லேமினேட்டட் கண்ணாடியைக் கடையில் வைத்து வெட்டி எடுக்க முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனி அச்சு வேண்டும். இரண்டு தட்டைக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு வளையத்தில் படுக்க வைத்து, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால், கண்ணாடி இளகித் தன் எடையாலேயே தொங்கி வளைகிறது. பிறகு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, அழுத்தக் கலனில் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்ட வைக்கிறார்கள். (பழைய செல்லுலாய்டு தாள் வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930-களின் பிற்பகுதியில் பிவிபி வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது.)

"ஒரிஜினலா, மாற்றா" என்ற கேள்வி உண்மையில் பிறந்தது இங்கேதான். கார் கம்பெனியின் வரைபடமும் அச்சும் யாரிடம் இருக்கிறதோ, அவர் செய்வது ஒரிஜினல். அது இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு ஒரிஜினல் கண்ணாடியை வாங்கி, அதன் வளைவை அளந்து, தானே ஓர் அச்சு செய்வார். அளவு சரியாக வந்தால் நல்லது. ஓரத்தில் சில மில்லிமீட்டர் தப்பினால் காற்று விசில் அடிக்கும், மழையில் தண்ணீர் ஒழுகும், கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ரோட்டின் கோடு நெளியும். வெளிமார்க்கெட் கண்ணாடியைப் பற்றி மெக்கானிக்குகள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வளைவுச் சமாச்சாரம்தான்.

ஆனால் வரைபடம் யாரிடம் இருந்தது? கார் கம்பெனியிடம் மட்டுமா? அதுதான் இல்லை. சொந்தமாகக் கண்ணாடி செய்த கார் கம்பெனி என்று பார்த்தால் ஃபோர்டு ஒரு விதிவிலக்கு. ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பெருமளவு கண்ணாடி கொடுத்தது லிபி ஓவன்ஸ் ஃபோர்டு என்ற கம்பெனி. 1930-ல் இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவானது இது. (இதில் வரும் ஃபோர்டு, கார் ஃபோர்டு இல்லை. எட்வர்ட் ஃபோர்டு என்ற கண்ணாடிக்காரர். அவருடைய அப்பா ஜான் ஃபோர்டு, பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர்!) கார் கம்பெனியின் முத்திரை குத்தி அசெம்பிளி லைனுக்கு அனுப்பியவர்களே, தங்கள் சொந்தப் பெயர் குத்தி மாற்றுக் கண்ணாடிக் கடைகளுக்கும் அனுப்பினார்கள். ஆக, வெளிமார்க்கெட் கண்ணாடியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஒரிஜினலைச் செய்த அதே ஆலை முத்திரை இல்லாமல் விற்பது. மற்றது, அளந்து பார்த்துச் செய்தது. வாங்குபவருக்கு இரண்டும் ஒரே பெயரில்தான் வந்து சேர்கின்றன. குழப்பத்துக்குப் பெரிய காரணம் இது.

கண்ணாடியின் தரத்தைச் சட்டம் கையில் எடுத்தது 1960-களில். அதுவரை நடுத்தாளின் தடிமன் 0.38 மில்லிமீட்டர். மோதலில் தலை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், உடைந்த விளிம்பு முகத்தையும் கழுத்தையும் கிழிக்கும் கொடுமை நடந்துகொண்டிருந்தது. 1966 மாடல் அமெரிக்கக் கார்களில் தாளின் தடிமன் இரட்டிப்பாகி 0.76 மில்லிமீட்டர் ஆனது. தலை துளைத்துப் போகாமல் தாள் வலை போல ஏந்திக்கொண்டது. ஒரு தாளின் தடிமனால் எத்தனை முகங்கள் தப்பின! 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த 205-ம் எண் கூட்டரசுப் பாதுகாப்புத் தரம் முக்கியமான ஒன்றைச் செய்தது. அது காரை மட்டும் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்தது. புதுக் காரில் வரும் கண்ணாடிக்கும், கடையில் தனியாக விற்கும் மாற்றுக் கண்ணாடிக்கும் ஒரே சோதனை. 0.38-ஐயும் 0.76-ஐயும் வெளியிலிருந்து பார்த்து யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? 1932-ல் நீதிமன்றம் சொன்ன அதே நியாயம், 36 வருடம் கழித்து விதியாக வந்தது என்றே சொல்லலாம்.

இந்தியாவிலும் 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்குகிறது. முன்கண்ணாடி லேமினேட்டட் வகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் 1990-களில் சேர்ந்தது.

ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கண்ணாடி மோதலில் கழன்று போகாமல் காரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது 212-ம் எண் தரம். சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் காரைச் சுவரில் மோதிச் சோதிப்பார்கள். அது புதுக் காருக்கு மட்டும். கடையில் மாற்றிப் போட்ட கண்ணாடியை யாரும் சுவரில் மோதிப் பார்ப்பதில்லை. ரப்பர் பீடிங்கில் கண்ணாடியைப் பொருத்திய காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. பிறகு பாலியூரித்தேன் பசையால் ஒட்டும் முறை வந்தது. கண்ணாடி காரின் உடற்கட்டிலேயே ஒரு பாகமாகிவிட்டது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. அடுத்து ஏர்பேக் வந்தது. அமெரிக்காவில் 1998 மாடல் கார்களிலிருந்து முன்சீட் இரண்டுக்கும் கட்டாயம். பல கார்களில் பயணி பக்கத்து ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, முன்கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது. பசை சரியாகப் பிடிக்கவில்லை என்றால்? கண்ணாடியே பிடுங்கிக்கொண்டு வெளியே போகும், ஏர்பேக்கும் அதோடு போகும்.

அதாவது, உலகத்திலேயே விலை உயர்ந்த கம்பெனி கண்ணாடியை வாங்கி, துருப்பிடித்த ஃபிரேமில் பிரைமர் போடாமல் ஒட்டி, பசை காய்வதற்குள் காரை எடுத்துக்கொண்டு போனால் அது ஒரிஜினல் ஆபத்து! 2002-ல் அமெரிக்கக் கண்ணாடிப் பொருத்துநர்கள் தாங்களாகவே சேர்ந்து பொருத்தும் முறைக்கு ஒரு தரத்தை வெளியிட்டார்கள். அரசு செய்யாததைத் தொழில்காரர்கள் செய்தார்கள் என்பது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அது கட்டாயச் சட்டம் அல்ல, விரும்பிச் சேர்பவர்களுக்கு மட்டும்.

இந்தச் சமயத்தில் சண்டைக்குள் சீனா நுழைந்தது. ஃபுஜியன் மாகாணத்தில் தண்ணீர் மீட்டருக்குக் கண்ணாடி செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையை நடத்திவந்தவர் சாவ் டெவாங். 1984-ல் ஒரு சுற்றுலா போனபோது, அம்மாவுக்கு வாங்கிய கைத்தடியோடு காரில் ஏறினாராம். "பார்த்து! கண்ணாடியில் இடித்துவிடாதீர்கள், உடைந்தால் ஆயிரக்கணக்கில் யுவான் ஆகும்" என்று டிரைவர் எச்சரித்தாராம். இது அவரே பின்னாளில் சொன்ன கதை. அன்று சீனாவில் ஓடிய வெளிநாட்டுக் கார்களுக்கு ஜப்பானிலிருந்து கண்ணாடி வரவேண்டும். இவ்வளவு விலை எதற்கு என்று யோசித்தவர் மாற்றுக் கண்ணாடி செய்ய இறங்கினார். 1987-ல் ஃபுயாவோ கம்பெனி பிறந்தது. அதாவது ஃபுயாவோ தொடங்கியதே "டூப்ளிகேட்" என்று மட்டமாகப் பேசப்படும் அந்த வெளிமார்க்கெட்டில்தான்.

2001-ல் அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனிகள், சீன மாற்று முன்கண்ணாடிகள் அடிமாட்டு விலைக்கு வந்து குவிகின்றன என்று அரசிடம் முறையிட்டன. 2002-ல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. ஃபுயாவோவுக்கு 11.80 சதவீதம். சும்மா இருக்கவில்லை அவர்கள். நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனார்கள். கணக்கிட்ட முறையைத் திரும்பப் பார்க்கும்படி நீதிமன்றம் வர்த்தகத் துறைக்கு வழக்கைத் திருப்பி அனுப்பியது. சீனக் கம்பெனி ஒன்று அமெரிக்க அரசை அதன் நீதிமன்றத்திலேயே எதிர்த்து நின்றது அன்று பெரிய செய்தி.

"ஒரிஜினல்" பக்கம் மட்டும் சுத்தமா என்றால், அங்கேதான் பெரிய வேடிக்கை. 2008 நவம்பர் 12 அன்று ஐரோப்பிய ஆணையம் நான்கு கண்ணாடிக் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. அசாஹி, பில்கிங்டன், செயின்ட் கோபெய்ன், சோலிவர். மொத்தம் 138 கோடி யூரோவுக்கு மேல்! 1998 முதல் 2003 வரை ஓட்டல்களிலும் விமான நிலையங்களிலும் ரகசியமாகக் கூடி, எந்தக் கார் கம்பெனிக்கு யார் கண்ணாடி கொடுப்பது, என்ன விலை என்று பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. புதுக் காருக்குப் போகும் கண்ணாடி, கார் கம்பெனி முத்திரையோடு விற்கும் மாற்றுக் கண்ணாடி, இரண்டும் இதில் அடக்கம். அந்தச் சந்தையில் சுமார் 90 சதவீதம் இவர்கள் கையில் இருந்தது. ஒரிஜினலுக்குக் கொடுத்த கூடுதல் காசெல்லாம் தரத்துக்குத்தான் என்று நம்பியிருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. (நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. செயின்ட் கோபெய்ன் 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலை தொடங்கிய அதே பிரெஞ்சுக் குழுமம்.)

பிறகு நடந்த கைமாற்றங்களைப் பார்த்தால் யார் ஒரிஜினல், யார் மாற்று என்று சொல்வதே கஷ்டம். லிபி ஓவன்ஸ் ஃபோர்டு 1986-ல் பிரிட்டனின் பில்கிங்டன் கைக்குப் போயிற்று. பில்கிங்டனை 2006-ல் ஜப்பானின் நிப்பான் ஷீட் கிளாஸ் வாங்கியது. சொந்தக் கண்ணாடி செய்த ஃபோர்டும் 2008-ல் அந்த ஆலைகளை விற்றுவிட்டது. பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸின் கார் கண்ணாடிப் பிரிவு 2008-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, 2016-ல் உதிரிபாக வியாபாரியான எல்கேக்யூவிடம் வந்தது. 2017-ல் எல்கேக்யூ கண்ணாடி செய்யும் ஆலைகளை மெக்சிகோவின் விட்ரோவுக்கு விற்றுவிட்டு, மாற்றுக் கண்ணாடி விற்பனையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரே பரம்பரை, ஒரு நாளில் இரண்டு வீடு! ஃபுயாவோவோ, ஜெனரல் மோட்டார்ஸ் 2008-ல் மூடிவிட்டுப் போன ஒஹாயோவின் மொரைன் ஆலையை 2014-ல் வாங்கி, கார் கம்பெனிகளுக்கே கண்ணாடி செய்ய ஆரம்பித்தது. அந்த ஆலையைப் பற்றிய "அமெரிக்கன் ஃபேக்டரி" படம் 2020-ல் ஆஸ்கர் வாங்கியது. வரி போட்டுத் தடுக்கப் பார்த்த வெளிமார்க்கெட் கண்ணாடிக்காரர், அமெரிக்க மண்ணிலேயே ஒரிஜினல் ஆகிவிட்டார்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? கொஞ்ச காலம் அப்படிச் சொல்ல முடிந்தது. கேமரா வந்த பிறகு அதுவும் முடியவில்லை. இப்போது பல கார்களில் முன்கண்ணாடியின் பின்னால், உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. ரோட்டுக் கோட்டையும் முன்னே போகும் வண்டியையும் கண்ணாடி வழியாகப் பார்த்து, தேவைப்பட்டால் பிரேக்கும் போடுகிறது. மனிதக் கண் சகித்துக்கொள்ளும் சின்ன நெளிவை இது சகிக்காது. கேமரா தாங்கி சற்றே சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தாலும் தூரத்துக் கணக்கு தப்பும். வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் கார்களில் நடுத்தாள் ஆப்பு வடிவத்தில் இருக்கும். அங்கே சமமான தாள் உள்ள சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். 2010-களின் பிற்பகுதியிலிருந்து ஹோண்டா உள்ளிட்ட கம்பெனிகள், தங்கள் முத்திரை உள்ள கண்ணாடியையே போடும்படி அறிக்கை விட்டன. இதில் வியாபாரமும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. ஒரே மாடல் காருக்கே கேமரா உள்ளது, இல்லாதது, மழை சென்சார் உள்ளது, சத்தம் குறைக்கும் தாள் உள்ளது என்று பல வகைக் கண்ணாடிகள் உண்டு. பிராண்டைவிட, சரியான வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் தப்பு நடக்க வாய்ப்பு. எந்தக் கண்ணாடி போட்டாலும் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்வது பெரும்பாலான கார்களில் தவிர்க்க முடியாத வேலை.

காரின் முன்கண்ணாடியில் கீழ் மூலையைப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். செய்தவர் பெயர், எந்தத் தரப்படி செய்தது என்ற குறி, லேமினேட்டட் என்பதற்கான அடையாளம். அமெரிக்கச் சந்தைக்கானது என்றால் "டாட்" என்று தொடங்கி, செய்த கம்பெனியைக் காட்டும் ஓர் எண்ணும் இருக்கும். ஒரே கம்பெனி செய்த ஒரிஜினலிலும் மாற்றிலும் அந்த எண் மாறாது. கார் கம்பெனியின் சின்னம் மட்டும் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. 2002-ல் வந்த அந்தப் பொருத்துநர்களின் தரம், மாற்றிப் போட்ட ஒவ்வொரு காருக்கும் இந்த எண்ணையும், ஒட்டிய பசையின் தொகுதி எண்ணையும் கடைக்காரர் எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறது.